கனமா, உரசலா

அக்டோபர் 6, திங்கள்

காற்று தென்கிழக்கு. கடல் அமைதி. துறைமுகத்துக்கு வெளியே நான்கு கப்பல்கள் காத்து நிற்கின்றன.

கப்பலில் தினமும் எழுதிய பழக்கம். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆன பிறகும் கை சும்மா இருக்க மறுக்கிறது. இயந்திர அறை இல்லாததால் வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

இன்று செய்தவை: கேஸ் சிலிண்டர் மாற்றினேன். மாடித் தொட்டிக் குழாயில் கசிவு, அடைத்தேன். சமையலறை டப்பாக்களுக்கு எண் ஒட்டி, எந்த எண்ணில் எது என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டேன். என் மனைவி எமல்டா அதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "மஞ்சப்பொடி எங்கன்னு பாக்க நான் அட்டையப் பாக்கணும். அட்டையப் பாக்க கண்ணாடி வேணும். கண்ணாடிக்கு என்ன நம்பர்?"

அதற்கு எண் போடவில்லை. போட வேண்டும்.

சாயங்காலம் பியானோ வாசிக்கச் சொன்னேன். மாமனார், மூடிப்போன ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிளப்பிலிருந்து ஏலத்தில் எடுத்து மகளுக்குக் கொடுத்த பியானோ. நெட்டையாக, சுவரோடு நிற்கும் வகை. நான் கடலில் கிடந்த வருடங்களில் எல்லாம் இவள் அதை வாசித்திருக்கிறாள். நான் வீட்டோடு வந்த பிறகு ஒரு முழுப் பாட்டு கேட்டதில்லை.

"கட்டையெல்லாம் கனமா கெடக்கு. கை வலிக்கி" என்றாள். பிறகு கான்வென்ட் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். இப்போதெல்லாம் தினமும் ஜெபக்கூட்டம் இருக்கிறது.

கனம் என்றால் அது இயந்திரக் கோளாறு. இயந்திரக் கோளாறு என்றால் அது என் வேலை.

அக்டோபர் 7, செவ்வாய்

பியானோவின் முன்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். கட்டையை அழுத்தினால் அதன் பின்முனை எழும்பி ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. நெம்புகோல் ஒரு சுத்தியலைத் தள்ளுகிறது. சுத்தியல் கம்பியில் அடிக்கிறது. அவ்வளவுதான். எண்பத்தெட்டுக் கட்டைக்கும் இதே கதை. கப்பல் இயந்திரத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

நானே அழுத்திப் பார்த்தேன். எனக்குக் கனமாகத் தெரியவில்லை.

"வால்வு திருப்புன கைக்கு என்ன தெரியும்?" என்றாள் எமல்டா.

நாகர்கோவில் தேவவரத்துக்குப் போன் செய்தேன். பியானோ பழுது பார்ப்பவர். வருடம் ஒருமுறை வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போவார். இப்போது மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாராம், கிறிஸ்துமஸ் வரை இறங்க முடியாதாம். ஆனால் பேச முடிந்தது. நிறையப் பேசினார்.

"பியானோ எங்க நிக்குது சார்?"

"முன்னறையில."

"ஜன்னல் பக்கமா?"

"ஜன்னல் பக்கம்தான். ஆனா நல்ல காத்தோட்டம்."

"கடல் எந்தப் பக்கம்?"

"ஜன்னல் பக்கம்."

மறுமுனையில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எதுவும் தொடாதீங்க. சுத்தியல் கனம் ஜாஸ்தி. எல்லாத்தையும் மாத்தணும். நான் ஜனவரியில வாறேன்" என்றார்.

பார்க்காமலே எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது. மீன்பிடிச் சாமான் கடைக்குப் போய் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகள் பல அளவில் வாங்கினேன்.

"என்ன மீனுக்கு அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"பியானோவுக்கு" என்றேன். அவர் வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

கட்டையின் முன்நுனியில் குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தேன். நடுக் கட்டை மெதுவாக இறங்க எண்பது கிராம் வேண்டியிருக்கிறது. ஐம்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தேவவரமே சொன்னார். ஆக, எமல்டா சொன்னது மெய்தான்.

பிறகு நானாக ஒன்று யோசித்தேன். இறங்கிய கட்டை எவ்வளவு எடையைத் தூக்கிக்கொண்டு திரும்ப எழும்புகிறது? சுத்தியல்தான் கனம் என்றால், கட்டையை அது பலமாக மேலே தள்ள வேண்டும். ஐந்து கிராம் குண்டைக்கூடத் தூக்கவில்லை. போகும்போதும் தடுக்கிறது, வரும்போதும் தடுக்கிறது. அப்படியானால் கனம் இல்லை, உரசல்.

தேவவரத்துக்குச் செய்தி அனுப்பினேன்: "சுத்தியல் குற்றமற்றது." பதில் இல்லை.

எமல்டாவிடம் சொன்னேன். "கனமோ உரசலோ, என் கை வலிக்கி" என்றாள்.

அக்டோபர் 10, வெள்ளி

உரசலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கட்டை ஏறி இறங்கும் ஊசிகளைச் சுற்றி, துளைக்குள் மெல்லிய கம்பளித் துணி ஒட்டியிருக்கிறது. கடற்காற்றின் ஈரத்தில் துணி உப்பி ஊசியை இறுக்கிப் பிடிக்கிறது.

ஜூலையில் பியானோவை உள்ளறையிலிருந்து ஜன்னலோரம் கொண்டுவந்தது நான்தான் என்று எமல்டா சொல்கிறாள். அது சரியான தகவல் அல்ல. நாலு பேர் தூக்கினார்கள். நான் மேற்பார்வை மட்டும்.

அக்டோபர் 11, சனி

உரசலுக்கு மருந்து எண்ணெய். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. எமல்டா ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரமாகப் பார்த்து, நடுவிலுள்ள கட்டைகளைக் கழற்றி, ஊசிகளுக்குத் துருநீக்கி எண்ணெய் அடித்தேன். சோதனைக்காக நடுக் கட்டைகள் மட்டும். நான் அவசரக்காரன் அல்ல.

மத்தியானம் ஊளி மீன் குழம்பு. டப்பா எண் பதினொன்றில் இருந்தது மிளகாய்ப்பொடி அல்ல என்று பிறகு தெரிந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

வெற்றி! விரல் பட்டாலே இறங்குகிறது. நாற்பத்தைந்து கிராம்.

எமல்டாவிடம் இன்னும் சொல்லவில்லை. தானாகக் கண்டுபிடித்து ஆச்சரியப்படட்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

கட்டைகள் இறங்குகின்றன. ஏறவில்லை.

அக்டோபர் 15, புதன்

தானாகக் கண்டுபிடித்தாள்.

முன்னறைக்குள் வந்தவள் நின்று மூக்கைச் சுருக்கினாள். "இதென்ன, மெஷின் ரூம் வாசன?"

நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

பியானோவைத் திறந்தாள். ஒரு கட்டையை அழுத்தினாள். அது கீழேயே உட்கார்ந்துகொண்டது. பக்கத்துக் கட்டையும். நகத்தால் இரண்டையும் நெம்பி எடுத்தாள்.

"எண்ணெ போட்டீயளா?"

"கொஞ்சம்."

"துணிக்கு எண்ணெ போட்டா ஊறி உப்பும்னு உங்களுக்குத் தெரியாதா? திரியே அப்படித்தான எரியுது?"

தெரியும். அந்த நேரத்தில் துணி என்று நினைக்கவில்லை, ஊசி என்று நினைத்தேன்.

கத்தியிருந்தால் பரவாயில்லை. மூடியைச் சாத்திவிட்டு, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபர் 17, வெள்ளி

சாயங்காலம் திடீர் மழை. எமல்டா குடை எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் கான்வென்டுக்குக் குடை கொண்டுபோனேன்.

சிற்றாலயம் பூட்டியிருந்தது. ஜெபக்கூட்டம் எதுவும் இல்லை. பின்பக்கம் இசைக்கூடத்தில் யாரோ பியானோ வாசிக்கும் சத்தம். நல்ல வாசிப்பு. கன்னியாஸ்திரிகளில் யாரோ என்று நினைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எமல்டா.

பாட்டு வேகமானது. இடது கை கீழே ஓட ஓட, வலது கை மேலே வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தது. அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கணக்குப் போடும்போதும் இல்லை, ஜெபம் பண்ணும்போதும் இல்லை.

உள்ளே போகவில்லை. செருப்பில் சேறு.

அவள் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். "ஒரு கொடை கொண்டு வந்திருக்கலாம்லா?" என்றாள்.

"தோணல" என்றேன்.

அக்டோபர் 18, சனி

மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் கான்வென்ட் மதிலோரம் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு தானாகக் கிளம்பிற்று.

அக்டோபர் 21, செவ்வாய்

ஸ்கூட்டர் அதே இடத்தில் நின்றது. பிளக்கில் ஏதோ.

அக்டோபர் 23, வியாழன்

இன்றும்.

மதிலோரம் இருந்தபோது தலைமைச் சகோதரி ரெமிஜியா கதவைத் திறந்து வெளியே வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். காது மட்டும் கூர்மை.

"மிராந்தா சார், வண்டி இன்னும் சரியாவலியா?"

"பிளக் சிஸ்டர்."

"நீங்க சீஃப் இன்ஜினியர்தான?"

"ஆமா சிஸ்டர்."

கொஞ்ச நேரம் அவரும் நின்று, உள்ளிருந்து வரும் பியானோவைக் கேட்டார். "பத்தொம்பது வயசுல பியானோவுல ஏழாங்கிரேடு முடிச்ச பிள்ள. அதோட கல்யாணம், பேறுகாலம், அது இதுன்னு நின்னு போச்சு. இப்ப கடைசி கிரேடு எழுதப் போறா. டிசம்பர்ல மதுரையில பரீட்ச. உங்களுக்குத் தெரியும்தான?"

"தெரியும் சிஸ்டர்" என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

எமல்டாவுக்காகப் பயிற்சி அட்டவணை ஒன்று தயாரித்தேன். காலை விரல் பயிற்சி, பிறகு ஓய்வு, பிறகு மதிலோரம் கேட்ட மூன்று பாட்டுகளும் முறை வைத்து. நான்கு வண்ணங்களில்.

காட்டவில்லை, அலமாரியில் வைத்துவிட்டேன். காட்டினால், தெரியும் என்று தெரிந்துவிடும்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாமனார் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் நிற்கவில்லை. நான் கைக்குட்டையால் மறைத்துப் பிடித்தேன், அவள் ஏற்றினாள்.

"ஒங்க அப்பா பியானோ வாங்கித் தந்தப்போ என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகலாமே என்று.

"பத்திரமா வச்சுக்கோ, கண்டவங்களத் தொட விடாதன்னாரு."

அடுத்த மெழுகுவர்த்தியை எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பருவமழை. காற்று வடகிழக்கு, பலம். தெருவில் கணுக்கால் தண்ணீர். மீன் இல்லை. மஸ்கட்டிலிருந்து மகள் ஜோவிட்டா போன் செய்தாள். "அப்பா, அம்மாவ எதுக்கும் தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள், காரணம் சொல்லாமல். ஆக, அவளுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

சாப்பாடு இறங்கவில்லை. சூடு பத்தாது போல.

நவம்பர் 18, செவ்வாய்

எமல்டா போன வேகத்தில் திரும்பி வந்தாள். கான்வென்ட் இசைக்கூடத்துக் கூரை ஒழுகுகிறதாம். பியானோவைத் தார்ப்பாயால் மூடிவிட்டார்களாம். மழைக்காலம் முடியும்வரை திறக்க முடியாதாம்.

ஈரப் புடவையோடு நேரே நம் பியானோ முன்னால் போய் உட்கார்ந்தாள். வாசிக்கத் தொடங்கினாள். கான்வென்டில் நான் கேட்ட அதே பாட்டு. முதல் வரியிலேயே நடுக்கட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே தங்க ஆரம்பித்தன. பல் விழுந்த வாய் போல ஆகிவிட்டது. நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பரீட்ச இருக்கு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"தெரியும்."

திரும்பிப் பார்த்தாள். "எப்படித் தெரியும்?"

"சிஸ்டர் சொன்னாங்க. போன மாசம்."

"போன மாசமே தெரிஞ்சுமா சும்மா இருந்தீய? நீங்களா?"

"ஒனக்குச் சொல்லணும்னு தோணும்போது நீயே சொல்லுவன்னு இருந்தேன். ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சார்ட் போடுவீய."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அலமாரிப் பக்கம் பார்க்காமலும் இருந்தேன். ஆனால் இவள் முப்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள். எழுந்து போய் அலமாரியைத் திறந்து அட்டவணையை எடுத்தாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"நாலு கலரா?"

"ஓய்வுக்குப் பச்ச."

எனக்குப் பயமாக இருந்தது. அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு அட்டவணையை மடித்துப் பியானோ மேல் வைத்து, "இது வேண்டாம். இத சரி பண்ணித் தாங்க. ஒங்களால முடியும்லா?" என்று கேட்டாள்.

"இந்தப் பரீட்ச எதுக்கு எமல்?" என்றேன். "வேலைக்கா? பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கவா?"

"எனக்கு" என்றாள்.

நவம்பர் 19, புதன்

பியானோவை ஜன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றினோம். அதே நாலு பேர். மேற்பார்வை எமல்டா.

அடிப்பலகைக்குள் ஒரு சின்ன பல்பு எரியவிட்டிருக்கிறேன், ஈரம் வற்றுவதற்கு. இது தேவவரம் சொன்ன யோசனை. எண்ணெய் அடித்ததைச் சொன்னபோது அவர் ஏதோ ஜெபம் சொன்னது போலக் கேட்டது. பிறகு, "நல்லவேளை, சுத்தியலுக்கு அடிக்கல. கட்டையோட போச்சு. துடைச்சு எடுத்துரலாம்" என்றார். உரசல் பற்றிய என் கணக்கையும் ஒப்புக்கொண்டார். "சரி, சுத்தியல் கெடக்கட்டும்" என்பதை ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

எல்லாக் கட்டைகளையும் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வரிசையாகப் பரப்பினோம். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல் வாங்கி, எண்ணெய் ஏறிய துணியை எல்லாம் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். ஜன்னல்கள் திறந்து, அடுப்பு அணைத்து. அதனால் இன்று சமையல் இல்லை, பரோட்டா. எமல்டா ஊசிகளைப் பித்தளை துலக்கும் பசையால் தேய்த்தாள். அவள் தேய்த்தவை கண்ணாடி மாதிரி. நான் தேய்த்த நாலையும் வாங்கி மறுபடி தேய்த்தாள்.

நவம்பர் 22, சனி

துணி காய்ந்துவிட்டது. ஆனால் இன்னும் உப்பல். ஆசாரியிடம் தட்டைமூக்குக் குறடு ஒன்று இரவல் வாங்கி, துளையின் இரு பக்கத் துணியையும் லேசாக நசுக்கி இடம் கொடுத்தேன். கட்டையைத் தூக்கிவிட்டால் தன் எடையிலேயே விழ வேண்டும். அதிகம் நசுக்கினால் லொடலொடவென்று ஆடும். ஒன்று ஆடியது. அது இடது ஓரக் கடைசிக் கட்டை. யாரும் தொடாத கட்டை என்று எமல்டா மன்னித்தாள்.

எல்லாம் மாட்டி முடித்து வாசித்தபோது பாட்டு வேறு ஏதோவாகக் கேட்டது. இரண்டு கட்டைகளை இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். இத்தனைக்கும் எண் எழுதியிருந்தது. நான் எழுதிய எண்தான்.

நவம்பர் 23, ஞாயிறு

பூசைக்குப் பிறகு குண்டு வைத்து அளந்தேன். இறங்க ஐம்பத்தைந்து. எழும்ப இருபது. புத்தகத்தில் போடலாம். எமல்டாவை அழைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். "இல்ல" என்றாள்.

"ஐம்பத்தஞ்சு எமல்."

"ஒரே கட்டைய வேகமா ரெண்டு தடவ தட்டும்போது ரெண்டாவது தட்டு கெடைக்கல. ஏதோ புடிக்கி."

"குண்டு சொல்லுதே."

"குண்டா பரீட்ச எழுதுது?"

கோபம் வந்தது. பிறகு, அவள் சொன்ன கட்டையின் சுத்தியலை விரலால் தள்ளிவிட்டுப் பார்த்தேன். மெதுவாக, யோசித்து யோசித்துத் திரும்பியது. பக்கத்துச் சுத்தியல் சட்டென்று விழுந்தது. குண்டு மெதுவாக இறங்குகிறது, அதனால் இந்தத் தாமதம் அதற்குத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

சுத்தியல் ஆடும் அச்சு ஊசியையும் அதே மாதிரித் துணிதான் சுற்றியிருக்கிறது. அங்கும் இறுக்கம்.

நான் அளந்தது தப்பில்லை. அவள் சொன்னதும் சரி. இதை இதற்குமேல் விளக்க விரும்பவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கிச் சிறிது தண்ணீர் கலந்து, சர்க்கரைக்கு நான் போடும் ஊசிக்குழாயால் ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு சொட்டு. தண்ணீரில் துணி ஊறி, காயும்போது சுருங்கி, ஊசிக்கு இடம் விடும். தேவவரத்திடம் கேட்ட பிறகே செய்தேன். அதை எமல்டா இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டாள்.

அவள் ஒவ்வொன்றாகத் தட்டி, "இது", "இது இல்ல", "இது" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் சொட்டு விட்டேன். மத்தியானம் முழுவதும் நாங்கள் பேசியது இந்த இரண்டு வார்த்தைகள்தான். நல்ல மத்தியானம்.

நவம்பர் 27, வியாழன்

காய்ந்தது. உட்கார்ந்தாள். வாசித்தாள். நிற்கவில்லை.

நடுவில் எங்கோ நான் அறைக்குள் வந்துவிட்டேன் போலிருக்கிறது. விரல்கள் தடுமாறின. "நீங்க நின்னா எனக்குக் கூச்சமா இருக்கு. வெளிய போங்க" என்றாள்.

போனேன். வீட்டைச் சுற்றி நடந்தேன். உள்ளறை ஜன்னலுக்கு வெளியே வாழைக்குக் களை பிடுங்க வேண்டியிருந்தது. வாழை ஒன்றுதான் இருக்கிறது. களை நிறைய.

டிசம்பர் 4, வியாழன்

புதுச் சிக்கல். மூன்றாவது பாட்டு நீளம். ஓரிடத்தில் இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்கும்போது தாளைப் புரட்ட வேண்டும். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் புரட்ட ஆள் வைத்துக்கொள்ளப் பரீட்சையில் அனுமதி உண்டு. ரெமிஜியா சிஸ்டர் வருவதாக இருந்தது. முழங்கால் வீங்கிவிட்டது.

"வேற யாரு இருக்கா?" என்றாள் எமல்டா. ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கறிக்கடையில் கடைசியாக மிஞ்சிய துண்டைப் பார்ப்பது போல.

"எனக்கு நோட் படிக்கத் தெரியாதே."

"படிக்க வேண்டாம். நான் தலையாட்டுவேன். நீங்க புரட்டணும். அவ்வளவுதான். வேற எதுவும் பண்ணக் கூடாது."

"கூச்சமா இருக்குன்னு சொன்னியே?"

"இருக்கத்தான் செய்யும். என்ன செய்ய?"

டிசம்பர் 6, சனி

ஒத்திகை. தலையாட்டினாள், புரட்டினேன். மறுபடி ஆட்டினாள், மறுபடி புரட்டினேன். ஒருமுறை மட்டும் இரண்டு தாள் சேர்ந்து வந்தது. விரலை நனைத்துக்கொள்ளச் சொன்னாள்.

இது ஒரு வேலையே இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

மதுரை. விடியும் முன் வாடகைக் காரில் கிளம்பினோம். எமல்டா நீலப் பட்டு. வழி முழுக்க மடியிலேயே விரல்கள் வாசித்துக்கொண்டு வந்தன.

பரீட்சைக் கூடத்துப் பியானோவில் ஈயக்குண்டு வைத்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். வாசலில் என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, குண்டை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

காத்திருந்த மற்றவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். ஒரு தாய் எமல்டாவிடம், "உங்க பேத்தி எந்த கிரேடு?" என்று கேட்டார். "நான்தான் பேத்தி" என்றாள் இவள்.

முதல் இரண்டு பாட்டுக்கும் நான் வெளியே இருந்தேன். கனத்த கதவு, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அழைத்தார்கள். தேர்வாளர் ஒல்லியான அம்மாள். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு தலையசைத்தார். எமல்டாவின் இடதுபக்கம் போய் நின்றேன். விரலை நனைத்துக்கொண்டேன்.

தொடங்கினாள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மதில் வழியாகக் கேட்டது வேறு. ஜன்னல் வழியாகக் கேட்டது வேறு. பக்கத்தில் நின்றால் அவள் மூச்சு கேட்கிறது. ஒரு வரி முடியும் இடத்தில் மூச்சை விடுகிறாள், அடுத்த வரிக்கு முன் எடுக்கிறாள். எத்தனையோ வருடம் நான் எங்கெங்கோ கடலில் இருந்தபோது இவள் இங்கே இப்படி மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

எமல்டா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஆமாம், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று நானும் தலையாட்டினேன்.

அவள் கண்ணைப் பெரிதாக்கி மறுபடி ஆட்டினாள். நானும் மறுபடி, இன்னும் பலமாக.

அதற்குப் பிறகு அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் ஓடின. எங்கும் நிற்கவில்லை. கடைசிச் சுரத்தில் கையை எடுத்த பிறகுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. உடனே தாளைப் புரட்டினேன்.

தேர்வாளர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். இருமல் போல.

கார் அருப்புக்கோட்டையை நெருங்கியது.

"நான் தலையாட்டுனேன்லா?" என்றாள் பிறகு.

"பாத்தேன்."

"பின்ன?"

"நானும் ஆட்டுனேன்லா."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து, "மன்னிச்சிரு எமல், நான் காரியத்தக் கெடுத்துட்டேன்" என்றேன். அவள் சிரிக்கிறாள். எட்டயபுரம் தாண்டியும் சிரித்தாள். ஓட்டுநர் காரணம் கேட்டார். அவரிடமும் சொன்னாள். அவரும் சேர்ந்துகொண்டார்.

டிசம்பர் 25, வியாழன்

பிறப்பு விழா. கேக் கொஞ்சம் கருகல். தேவவரம் வாழ்த்துச் சொல்லிவிட்டு, ஜனவரியில் வரட்டுமா என்றார். சுருதி சேர்க்க மட்டும் என்று எமல்டா சொன்னாள்.

ஜனவரி 20, செவ்வாய்

காற்று வடகிழக்கு, மிதம்.

நான் சாளை மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது எமல்டாவின் போனில் முடிவு வந்தது. நின்றபடியே படித்தாள். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை.

தேறிவிட்டாள். நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டாள். மூன்றாவது பாட்டுக்குத்தான் அதிகம். பாதிக்குமேல் மனப்பாடமாக, துணிச்சலோடு வாசித்தார் என்று தேர்வாளர் எழுதியிருக்கிறார். அந்தத் துணிச்சலுக்கு வழிசெய்தது யார் என்பதைப் பற்றிக் குறிப்பு இல்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

எமல்டா உடனே ஜோவிட்டாவைப் போனில் கூப்பிட்டாள். நான் சமையலறை வாசலில் மீன் கையோடு நின்றேன். கழுவப் போகவில்லை. பரீட்சைக் கூடம், நீலப் பட்டு, பேத்தி என்று கேட்ட தாய் எல்லாவற்றையும் சொன்னாள். நான் தலையாட்டியதையும் சொன்னாள், செய்துகாட்டியிருப்பாள் என்று நினைக்கிறேன், கம்மல் போனில் இடிக்கும் சத்தம் கேட்டது. மஸ்கட்டில் மகள் சிரிப்பது இங்கே வரை கேட்டது.

அந்தப் பக்கம் ஜோவிட்டா ஏதோ கேட்டிருக்க வேண்டும். எமல்டா கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் கேட்டது.

"ஒங்க அப்பாவுக்கா? புரட்டல்லாம் தெரியாதுட்டி. ஆனா நல்லா கேக்கத் தெரியும்."

நான் போய் மோட்டார் போட்டேன். தொட்டி ஏற்கனவே நிறைந்துதான் இருந்தது. மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து முற்றமெல்லாம் நனைந்த பிறகும், கொஞ்ச நேரம் நிறுத்தாமல் நின்றேன்.